சிலேட்டுக் கூரையில் சோலார் பேனல்: கல் உடையாமல், மழை ஒழுகாமல் பொருத்துவது எப்படி?

கேள்வி இதுதான். வீட்டுக் கூரை சிலேட்டுக் கல் வேய்ந்தது. அதன்மேல் சோலார் பேனல் போட வேண்டும். கல்லைத் துளைத்து போல்ட் இறக்கி, சுற்றிலும் சிலிகான் பூசினால் போதும் என்கிறார் ஒரு காண்ட்ராக்டர். அப்படிச் செய்தால் நிச்சயம் ஒழுகும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டாமவர் பேச்சை. கூரையும் ஒழுகாமல், பேனலும் அசையாமல் இருக்க நல்ல வழி உண்டு. அதற்குக் கூடுதல் நேரமும் கல்வேலை தெரிந்த ஆளும் வேண்டும். துளை போட்டுப் பசை பூசும் வழி ஏன் தோற்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சிலேட்டுக் கூரையில் முகடு, ஓரம் போன்ற இடங்களைத் தவிர வேறெங்கும் பசையோ சிமெண்டோ கிடையாது. ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் ஏறி நிற்பதால் மட்டுமே மழை உள்ளே வராமல் இருக்கிறது. 500 மி.மீ. நீளம், 250 மி.மீ. அகலமுள்ள கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லும் தனக்கு இரண்டு வரிசை கீழே இருக்கும் கல்லின் தலையை, அதாவது மேல்முனையை, 100 மி.மீ. மூடி நிற்கும். இதுதான் ஓவர்லாப். 500-இல் 100-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 200. அதாவது ஒரு கல்லில் வெளியே தெரிவது கீழ்ப்பக்கத்து 200 மி.மீ. மட்டுமே, மீதி 300 மி.மீ. மேல்வரிசைகளுக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே கூரையில் எங்கே விரல் வைத்தாலும் அதன் கீழே குறைந்தது இரண்டு கல் இருக்கும். ஓவர்லாப் விழும் இடத்தில் மூன்று. பக்கத்துப் பக்கத்துக் கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கு, கீழ்வரிசைக் கல்லின் நடு மத்தியில் வந்து விழும். இடுக்கில் இறங்கும் தண்ணீரை அந்தக் கல் வாங்கி வெளியே விட்டுவிடும்.

இப்போது வெளியே தெரியும் பகுதியில் ஒரு துளை போடுங்கள். டிரில் மேல்கல்லைத் துளைத்து, அடியில் தண்ணீரை வாங்கக் காத்திருக்கும் கல்லையும் அதே இடத்தில் துளைத்துவிடும். இரண்டு அடுக்கு இருந்தும் அந்தப் புள்ளியில் ஒரு அடுக்குகூட மிச்சமில்லை. இனி எல்லாப் பொறுப்பும் அந்த ஒரு சுற்று சிலிகான்மேல். வெயிலில் பேனலும் அதைத் தாங்கும் அலுமினியச் சட்டமான ரெயிலும் விரிகின்றன, இரவில் சுருங்குகின்றன, காற்றில் அதிர்கின்றன. கல் அசையாமல் இருக்க, போல்ட் மட்டும் அசைகிறது. அந்த இழுபறியில் பசை ஓரத்தில் தலைமுடி அளவுக்கு விட்டுப்போகும். அந்த மெல்லிய இடுக்கு தண்ணீரைத் தானே உறிஞ்சி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதோடு பேனல் மேலே மூடியிருப்பதால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. உள்ளே மரம் ஊறிக் கறை தெரியும்போது வருடங்கள் ஓடியிருக்கும்.

ஆக, கூரையின் பழைய விதிக்கே நாமும் கட்டுப்பட வேண்டும்: மேலிருந்து வரும் ஒவ்வொரு துளியும் கீழே உள்ள அடுத்த அடுக்கின்மேல் விழ வேண்டும். எந்தப் பொருத்து முறையை யார் கொண்டுவந்தாலும், சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டால் இது ஒழுகுமா என்று கேளுங்கள். ஒழுகும் என்றால் அந்த முறை வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் கூரையின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். கல்லை விரல் முட்டியால் தட்டினால் நல்ல கல் கணீர் என்று ஒலிக்கும். ஏடு ஏடாகப் பிரிந்த கல்லோ விரிசல் விட்ட கல்லோ மொத்தென்று சத்தமிடும். பழைய கூரைகளில் கல் நன்றாக இருந்தும் இரும்பு ஆணி துருப்பிடித்து அறுந்து, கற்கள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கியிருக்கும். அங்கங்கே ஒன்றிரண்டு நழுவியிருந்தால் சரிசெய்துகொள்ளலாம். வரிசைக்கு வரிசை நழுவல் தெரிந்தால், பேனல் போடும் பகுதியையாவது கழற்றிப் புது ஆணியில் மறுபடி வேய்ந்துவிட்டு அதன்பிறகு பேனலுக்குப் போவதே நல்லது. பேனலுக்கு 25 வருட மின்உற்பத்தி உத்தரவாதம் கொடுக்கிறார்கள். நடுவில் கூரை வேலை வந்தால் அத்தனையையும் கழற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்வைக்குச் சிலேட்டு மாதிரியே இருக்கும் ஃபைபர் சிமெண்ட் தகடுகள் உண்டு. எல்லாம் ஒரே கனம், ஒரே வழுவழுப்பு, கீழ்விளிம்பில் சின்னதாக ஒரு செம்பு வட்டு முளை தெரியும். அது பழைய கூரை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. சோதனை செய்து தெரிந்துகொள்ளும்வரை அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. நிஜச் சிலேட்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. கிரைண்டரால் அறுத்தால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சிலேட்டு வெட்டும் கத்தரியிலோ சுத்தியிலோ வெட்டுங்கள். கிரைண்டர் தவிர்க்க முடியாது என்றால் தூசி வடிகட்டும் தரமான முகமூடியும் தண்ணீரும் வேண்டும்.

அடுத்தது மரம். பேனல், ரெயில், ரெயிலைக் கூரை மரத்தோடு பிடிக்கும் கொக்கி எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ கூடும். கைமரம், அதாவது முகட்டிலிருந்து சாய்வாக இறங்கும் மரம், வளையாமல், செல்லரிக்காமல் இருக்கிறதா என்று உள்ளிருந்து பாருங்கள். பழைய வீடு என்றால் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் கணக்குப் பார்த்துச் சொல்வது அவசியம். ஆனால் எடையைப் பற்றிக் கவலைப்படும் பலர் காற்றை மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 144 கி.மீ. காற்று, அதாவது நொடிக்கு 40 மீட்டர், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். 1.72 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலமுள்ள பேனலின் பரப்பு கிட்டத்தட்ட 1.94 சதுர மீட்டர். பேனல் எடை 22 கிலோதான்; காற்று அதை மேலே பிடுங்கும் விசையோ 190 கிலோவைத் தொடும். கூரை ஓரங்களிலும் முகட்டருகிலும் இதைவிடக் கூடும். அதனால்தான் பேனலை ஓரம் வரை இழுத்துப்போடாமல் எல்லாப் பக்கமும் 300 முதல் 400 மி.மீ. இடம் விடுகிறோம். கூரையின்மேல் பேனல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்பதைவிட, அதை நாம் கீழே பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்து வேலை செய்யுங்கள்.

அந்தப் பிடி கைமரத்தில்தான் இருக்க வேண்டும். கைமரங்களின் குறுக்கே ஓடி, கல்லை ஆணியில் தாங்கும் ரீப்பர் கட்டை வெறும் 25 மி.மீ. கனம், 50 மி.மீ. அகலம், கைமரத்தோடு அதைப் பிடித்து வைத்திருப்பது ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆணி. கல்லின் எடையைத் தாங்க அது போதும். காற்று இழுக்கும்போது ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொக்கியை ரீப்பரில் முடுக்கும் ஆளை அங்கேயே நிறுத்துங்கள்.

இனி கொக்கி. ஓட்டுக் கூரைக்கென்று விற்கும் வளைந்த கொக்கியைச் சிலேட்டில் போடுவது மிகப் பரவலாக நடக்கும் தவறு. ஓடு வளைவாக இருப்பதால் கொக்கியின் கை வெளியே வர இடம் கிடைக்கிறது. சிலேட்டோ 5 முதல் 8 மி.மீ. கனத்தில் தட்டையாகப் படுத்திருக்கிறது. 5, 6 மி.மீ. கனமுள்ள இரும்புக் கையை நடுவே நுழைத்தால் மேல்கல் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த வாய் வழியாகக் காற்று மழையை உள்ளே தள்ளும். அதைவிட மோசம், பாரம் ஏறும்போது கொக்கியின் நுனி சில மி.மீ. கீழே வளைந்து அடியில் இருக்கும் கல்லை அழுத்தும். சிலேட்டு இழுவிசைக்கும் வளைவுக்கும் பலவீனமானது. ஒரே அழுத்தில் பட்டென்று போய்விடும். பனி பெய்யும் இடங்களில் முதல் கனத்த பனியிலேயே இது நடக்கும்.

ஆகவே சிலேட்டுக்குச் சரியானது, கைமரத்திலிருந்து நிமிர்ந்து வரும் குத்துக்கால் மாதிரியான பிராக்கெட்டும், அதைச் சுற்றி ஒரு கல்லுக்குப் பதிலாக உட்கார்ந்து தண்ணீரைத் தடுக்கும் உலோக ஃபிளாஷிங் தகடும். தகட்டின் நடுவே கூம்பு மாதிரி எழும்பிய குமிழ் இருக்கும். குத்துக்கால் அதன் உச்சி வழியாக வெளியே வரும். உச்சியில் வெயிலையும் மழையையும் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பர் வளையம் இறுக்கமாக அமரும். குமிழ் உயர்ந்திருப்பதால் ஓடிவரும் தண்ணீர் துளையின் வாய் வரைக்கும் ஏறுவதில்லை; இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். ரப்பர் தூறலைத் தடுக்கும் அவ்வளவே; நிஜமான வேலையைச் செய்வது குமிழின் உயரமும் தகட்டின் பரப்பும்.

எந்த இடத்தில் குத்துக்கால் வர வேண்டும் என்பதில்தான் கைவேலையின் நுட்பம் இருக்கிறது. மேலே சொன்ன 500-க்கு 250 கல்லையே வைத்துப் பார்ப்போம். கீழிருந்து மூன்று வரிசை எண்ணுங்கள். முதல் வரிசைக் கல்லின் கீழ்விளிம்பைச் சுழியம் என்று வைத்தால் அதன் தலை 500 மி.மீ. உயரத்தில் முடியும். இரண்டாம் வரிசை 200-இல் தொடங்கி 700 வரை. மூன்றாம் வரிசை 400-இல் தொடங்கி 900 வரை. நான்காம் வரிசை 600-இல் தொடங்கும். மூன்றாம் வரிசைக் கல்லின் இடத்தில்தான் தகடு வரப்போகிறது. அதில் வெளியே தெரிவது 400 முதல் 600 வரை. குத்துக்காலை 550 முதல் 580-க்குள் வைத்தால், முதல் வரிசைக் கல் கீழே 500-லேயே முடிந்துவிட்டது. இடையில் இருப்பது இரண்டாம் வரிசைக் கல் மட்டும். அங்கே கற்களுக்கு இடையே உள்ள இடுக்கு வந்தால் இரண்டு விளிம்பையும் கொஞ்சம் கொறித்து இடம் செய்யலாம். முழுக் கல் வந்தால் மேல்விளிம்பிலிருந்து ஒரு வெட்டு. தகடு மேலே மூடியிருப்பதால் அந்த வெட்டுக்குத் தண்ணீர் வராது. குத்துக்காலுக்கும் கல்லுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள். குத்துக்கால் கல்லைத் தொடவே கூடாது.

இன்னும் ஒரு சங்கதி: நான்காம் வரிசையின் இடுக்கு சரியாகத் தகட்டின் நடுவில் வந்து விழும். அதாவது மேலிருந்து வரும் தண்ணீரின் பெரும்பங்கு நேராகக் குமிழின் மேல்பக்கத்தில்தான் வந்து மோதும். தட்டையான தகட்டில் துளை போட்டு வாஷர் வைத்து முடுக்கும் மலிவான முறை தோற்பது இந்த இடத்தில்தான். தகட்டின் அகலமும் கல்லின் அளவுக்கே இருந்தால் போதாது. 250 மி.மீ. கல்லுக்கு 400 முதல் 450 மி.மீ. அகலத் தகடு எடுத்து, இரண்டு பக்கத்துக் கற்களுக்கு அடியிலும் 75 முதல் 100 மி.மீ. செருகியிருக்க வேண்டும். பக்க விளிம்புகளில் சின்ன மடிப்பு இருந்தால் பக்கவாட்டில் ஊர்ந்து வரும் தண்ணீர் அங்கே நின்று கீழே திரும்பும். மேல்பக்கம் தகடு நான்காம் வரிசையைத் தாண்டி, ஐந்தாம் வரிசைக்குள்ளும் ஓவர்லாப் அளவுக்குப் போக வேண்டும். கீழ்விளிம்பு இரண்டாம் வரிசைக் கல்லின்மேல் வெளிப்படையாகப் படிய வேண்டும்.

தகடு அலுமினியமா, ஈயமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பது கூரையைப் பொறுத்தது. ஈயம் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தட்டிப் படியவைக்க அருமையானது, 1.8 மி.மீ. கனம் போதும். சமமில்லாத பழைய கற்களுக்கு அதுவே சிறந்தது. அலுமினியத் தகட்டைச் செம்பு ஆணியால் அடிக்காதீர்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். செம்புத் தகட்டின் மேலிருந்து வடியும் தண்ணீர் அலுமினிய ரெயிலில் படுவதும் அதே கேடுதான். பிராக்கெட்டும் திருகாணியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 தரம். கடற்கரைக்கு அருகில் என்றால் 316.

இனி வேலை நடக்கும் விதம். கூரைமேல் நேராகக் கால் வைத்து நடக்கவே கூடாது. முகட்டில் மாட்டும் கொக்கியுள்ள கூரை ஏணியைப் போட்டு, பாரம் பல கற்களில் பரவும்படி அதன்மேல்தான் நிற்க வேண்டும். கீழே சாரம், ஆளுக்குப் பாதுகாப்புக் கயிறு. இதில் சமரசம் வேண்டாம். ஒரு மிதியில் உடையும் கல் பெரும்பாலும் பேனலுக்கு அடியில் மறையப்போகும் கல்லாகவே இருக்கும்.

கைமரம் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து ஊகிக்காதீர்கள். உள்ளே போய், பக்கச் சுவரின் உள்முகத்திலிருந்து ஒவ்வொரு கைமரத்தின் நடுக்கோட்டையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுவரின் கனத்தைக் கூட்டி அந்த அளவுகளை வெளியே மாற்றுங்கள். பிறகு ஒரு கல்லைக் கழற்றி, கைமரம் நாம் குறித்த இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். இடைவெளி 600 மி.மீ. என்று வரைபடம் சொன்னாலும் பழைய வீட்டில் 560-உம் இருக்கும், 640-உம் இருக்கும்.

கல்லைக் கழற்ற ரிப்பர் என்ற நீளமான தட்டைக் கருவி உண்டு. பெயர் ரீப்பர் கட்டையோடு குழம்பும் என்பதால் ஆணி அறுப்பான் என்று சொல்கிறேன். மெல்லிய பட்டை, நுனியில் இரண்டு பக்கமும் கொக்கி. அதைக் கல்லின் அடியில் விட்டு, மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டித் தேடினால் ஆணியில் சிக்கும். கைப்பிடியைச் சுத்தியால் கீழ்நோக்கி ஓங்கி ஓர் அடி; ஆணி அறுந்துவிடும். இரண்டு ஆணியும் போன பிறகு கல் தானே நழுவி வரும். அதை நெம்பித் தூக்காதீர்கள், மேல்கல் உடையும். ஒரு பிராக்கெட்டுக்கு மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என முக்கோணமாக ஆறு கல் கழற்ற வேண்டிவரும். பிராக்கெட்டுகள் ஒரே வரிசையில் 1.2 மீட்டருக்கு ஒன்றாக வரும் என்றால், தனித்தனி முக்கோணமாகக் கழற்றுவதைவிட ரெயில் ஓடும் நீளம் முழுவதும் மூன்று நான்கு வரிசையை ஒரேயடியாகக் கழற்றிவிடுவது மேல். பார்வைக்குப் பெரிய வேலையாகத் தெரியும். ஆனால் கீழிருந்து மறுபடி வேயும்போது பெரும்பாலான கற்களுக்கு முறையான ஆணி கிடைக்கும், கைமரமும் கண்ணுக்குத் தெரியும். உடையும் கற்களுக்காக 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக அதே அளவு, அதே கனக் கல் வாங்கி வைத்திருங்கள்.

கல் எடுத்த பிறகு கீழே ஃபெல்ட், அதாவது தண்ணீரைத் தடுக்க விரித்த விரிப்பு, தெரியும். பிராக்கெட்டின் அடித்தட்டு இரண்டு ரீப்பருக்கு நடுவே, கைமரத்தின்மேல் அமரும். 200 மி.மீ. இடைவெளியில் ரீப்பரின் 50 போக 150 மி.மீ. இடம் கிடைக்கும். அடித்தட்டு சிறியதாக இருந்தால் ரீப்பர் உயரத்துக்கு மரத்துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள். திருகாணி முன்துளை போட்டே இறங்க வேண்டும்: 6 மி.மீ. திருகாணிக்கு 4 மி.மீ. துளை. கைமரத்துக்குள் மட்டும் 60 மி.மீ.யாவது போக வேண்டும். அடித்தட்டு, மரத்துண்டு கனத்தை அதில் சேர்க்காதீர்கள். கைமரம் 38 மி.மீ. போன்ற ஒல்லியான மரமாக இருந்தால் இரண்டு திருகாணியைப் பக்கத்தில் பக்கத்தில் போடாமல் நடுக்கோட்டில் மேலும் கீழுமாகப் போடுங்கள். இல்லையேல் மரம் நீளவாக்கில் பிளக்கும். பிளந்த மரத்தில் திருகாணி இறுகியது போலவே கைக்குத் தெரியும், ஆனால் பிடிமானம் இருக்காது. இடம் கைமரத்துக்கு வெளியே விழுந்தால் இரண்டு கைமரத்துக்கும் நடுவே குறுக்குக் கட்டை பொருத்தி அதில் முடுக்குங்கள்.

ஃபெல்ட்டில் திருகாணிகள் இறங்கிய இடத்தையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. அடித்தட்டுக்கு மேற்பக்கம் ஃபெல்ட் துண்டு ஒன்றைச் சின்னக் காடி மாதிரி மடித்து, சாய்வாக ஒட்டினால், எப்போதாவது உள்ளே வரும் தண்ணீர் துளையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஐந்து நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

பிறகு தகடு, அதன்மேல் கற்கள். புதுக் கல்லுக்கு ஆணித்துளை போடும்போது கல்லின் அடிப்பக்கத்திலிருந்து குத்த வேண்டும். அப்போது மேல்பக்கத்தில் சில்லு தெறித்துக் கிண்ணம் மாதிரி குழி விழும். ஆணித்தலை அதில் அடங்கி உட்காரும். மேலிருந்து குத்தினால் ஆணித்தலை நீட்டிக்கொண்டு மேல்கல்லை உறுத்தும். ஆணியை இறுக்கி அடிக்காதீர்கள். கல் ஆணியில் தொங்க வேண்டும், நசுங்கக் கூடாது. கடைசியாக வரும் ஒன்றிரண்டு கல்லுக்கு ஆணி அடிக்க இடம் இருக்காது. அவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக் கொக்கியை இடுக்கு வழியே ரீப்பரில் மாட்டி, கல்லை மேலே செருகி, அதன் வாலைக் கொக்கியில் உட்கார வையுங்கள்.

பேனல் ஏற்றும் முன்பே தண்ணீர்ச் சோதனை. இதைத் தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாது. ஹோஸ் பைப்பை மழை மாதிரி விழும்படி பிடித்து, கீழ் வரிசை பிராக்கெட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எது ஒழுகுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கற்களுக்கு அடியில் போகும்படி கீழிருந்து மேலாகப் பீய்ச்ச வேண்டாம்; எந்தக் கூரையும் அதற்கு ஒழுகும். உள்ளே ஒருவர் டார்ச் லைட்டோடு இருக்கட்டும். ஈரம் தெரியும் இடம் ஓட்டைக்கு நேர்கீழே இருக்காது. தண்ணீர் ஃபெல்ட்டிலும் கைமரத்திலும் ஊர்ந்து வெகுதூரம் கீழே வந்துதான் சொட்டும். கறையிலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

எத்தனை பிராக்கெட்? 10 பேனலை நிமிர்த்தி, ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை வைப்பதாகக் கொள்வோம். ஐந்து பேனலின் அகலமும், பேனல்களை ரெயிலோடு பிடிக்கும் நடுக் கிளாம்ப்புகளுக்கான இடைவெளியும் சேர்ந்து 5.73 மீட்டர், ரெயில் 5.9 மீட்டர். பேனல் வரிசைக்கு இரண்டு ரெயில், மொத்தம் நான்கு. கைமரம் 600 மி.மீ. இடைவெளி என்றால் பிராக்கெட் ஒன்றுவிட்டு ஒரு கைமரத்தில், அதாவது 1200-க்கு ஒன்று. ஐந்து பிராக்கெட் போட்டால் 4.8 மீட்டர்தான் பிடிக்கும். இரண்டு முனையிலும் ரெயில் 550 மி.மீ. அந்தரத்தில் தொங்கும். அது அதிகம், 300-க்குள் இருப்பது நல்லது. ஆகவே ஆறு பிராக்கெட்: நான்கு இடைவெளி 1200, ஒன்று 600. முனையில் 250 மி.மீ. மட்டுமே நீட்டும். நான்கு ரெயிலுக்கு 24 பிராக்கெட், 16 நடுக் கிளாம்ப், 8 முனைக் கிளாம்ப். முன்பு சொன்ன காற்றில் ஒவ்வொரு பிராக்கெட்டும் 80 கிலோ அளவுக்கு இழுபடும். கூரையின் ஓரப்பகுதியில் இன்னும் அதிகம். அதனால் காற்று கடுமையான இடங்களில் ஓரத்து இடைவெளியை 600 ஆக்கிவிடுவார்கள். இறுதிக் கணக்கு உங்கள் இடத்துக் காற்று வேகம், கட்டட உயரம், பிராக்கெட் தயாரிப்பாளரின் தாங்குதிறன் அட்டவணை இவற்றைக் கொண்டே வர வேண்டும்.

ரெயில் மாட்டும்போது நூல் பிடித்து எல்லாப் பிராக்கெட்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உயரம் திருத்துங்கள். பழைய கூரை நடுவில் தொய்ந்திருக்கும். ரசமட்டம் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். ரெயிலை இழுத்து வளைத்து பிராக்கெட்டில் முடுக்கினால் அந்த இழுவிசை வாழ்நாள் முழுக்கத் திருகாணியில் நிற்கும். அலுமினியம் 6 மீட்டர் நீளத்துக்கு 60 டிகிரி வெப்ப மாற்றத்தில் 8 மி.மீ. நீளும். 12 மீட்டரை ஒரே துண்டாக இணைத்தால் 16 மி.மீ.க்கு மேல். ஆகவே 6 மீட்டருக்கு ஒருமுறை 20 மி.மீ. இடைவெளி விட்டு ரெயிலை முறித்துவிடுங்கள். அந்த இடைவெளியின்மேல் ஒரு பேனல் குறுக்கே பாலம் போடக் கூடாது. பேனலுக்கும் கல்லுக்கும் நடுவே 100 மி.மீ. இருந்தால் காற்று ஓடிப் பேனல் சூடு தணியும், சருகும் தேங்காமல் போகும். கிளாம்ப் போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பானரால் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) முடுக்குங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும் குணமுள்ளவை, அதற்கான கிரீஸ் ஒரு துளி தடவினால் போதும்.

கேபிள் விஷயத்தில் சறுக்குபவர்கள் நிறைய. பிராக்கெட்டுக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு, கேபிளை இரண்டு கல்லுக்கு நடுவே நுழைத்துவிடுவார்கள். கல்லின் விளிம்பு காற்றில் ஆடி ஆடிக் காப்புறையை அறுக்கும். கேபிள் வழியே தண்ணீரும் உள்ளே ஊரும். கேபிளுக்கென்று வளைந்த குழாயுள்ள தனித் தகடு உண்டு. மேலே சொன்ன அதே முறையில் ஒரு கல்லுக்குப் பதிலாக அதைப் போடுங்கள். குழாய்வாய் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். நுழையும் முன் கேபிள் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கல்லின்மேல் கேபிள் கிடக்காமல் ரெயிலோடு கட்டிவிடுங்கள்.

கல்லையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டுகள் பதித்துப் பேனலையே கூரையாக்கும் முறையும் இருக்கிறது. புதிதாக வேயும் கூரைக்கு அது யோசிக்கத்தக்கது; அழகாகவும் இருக்கும், எடுத்த கற்கள் உதிரியாகவும் உதவும். ஆனால் அடியில் காற்றோட்டம் குறைவதால் பேனல் கூடுதலாகச் சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். தட்டு தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச சாய்வுக்குக் கீழே உள்ள கூரையில் அதைப் போடக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு முதல் கனமழைக்கும், காற்றோடு அடிக்கும் முதல் மழைக்கும் மறுநாள் உள்ளே போய் ஒவ்வொரு பிராக்கெட்டின் கீழும் கைமரத்தைத் தொட்டுப் பாருங்கள். வேலை நடந்தபோதே ஒவ்வொரு பிராக்கெட்டின் இடத்தையும் படம் எடுத்து, பக்கச் சுவரிலிருந்து தூரத்தோடு எழுதி வைத்திருந்தால் எந்தப் பேனலைத் தூக்க வேண்டும் என்று உடனே தெரியும். பேனலுக்கு அடியில் ஒரு கல் உடைந்ததாகத் தெரிந்தால் அந்த வரிசையின் முனைக் கிளாம்பிலிருந்து தொடங்கி அதுவரை உள்ள பேனல்களைக் கழற்றுங்கள். அதற்கு முன் இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் டி.சி. ஸ்விட்சையும் அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலின் கனெக்டர்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், கனெக்டர் பிரிக்கும் வேலை மின்வேலை தெரிந்தவருடையது. பிறகு ஆணி அறுப்பானால் உடைந்த கல்லை எடுத்து, புதுக் கல்லைக் கம்பிக் கொக்கியில் உட்கார வைத்துவிடலாம்.